புற்றுநோயும் நித்திரையற்ற இரவுகளும்



புற்றுநோய் வார்டில் காலைநேரம் நாங்கள் சுற்றிவரும்போது "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், கட்டியைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ பதில் வருவது அபூர்வம். "ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை ஐயா" என்பதே பலருடைய முதல் வார்த்தை. ஆனால் அரைமணி நேரம் கழித்து டாக்டர் வந்து கேட்கும்போது அதே நபர் "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிடுவார். உயிரைப் பற்றிய பேச்சு நடக்கிற இடத்தில் தூக்கத்தைப் பற்றிக் குறை சொல்வது அவருக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுகிறது. டாக்டருக்கும் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அடுத்த சுற்று மருந்து என்று விசாரிக்க வேண்டியவை நிறைய. ஆகவே தூக்கமின்மை கேஸ் ஷீட்டில் ஏறாமலே போய்விடுகிறது. போதகர்களாகிய எங்கள் காதில் மட்டும் விழுகிறது.

இந்த இதழின் பாடத்தை அதற்கென்றே ஒதுக்குகிறோம். புற்றுநோய் கண்டவர்களுக்கு நித்திரை ஏன் கெடுகிறது, சிகிச்சை முடிந்த பின்னும் அது ஏன் திரும்புவதில்லை, மாத்திரையை நம்பியிராமல் அதைத் திரும்பப் பெற என்ன வழி இருக்கிறது என்பவற்றைப் பார்ப்போம். உங்களில் பலர் வீட்டிலோ சபையிலோ இப்படிப்பட்ட ஒருவரைக் கவனித்து வருகிறீர்கள். அவரை மனதில் வைத்துக்கொண்டு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

எத்தனை பேருக்கு?

கனடாவின் கியூபெக் நகரிலுள்ள லாவால் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜோசே சவார் அம்மையாரும் அவருடைய குழுவினரும் 962 புற்றுநோயாளிகளை அறுவைச் சிகிச்சைக் காலத்திலிருந்து 18 மாதங்கள் பின்தொடர்ந்து, கண்டதை 2011-ல் வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் நூற்றுக்கு 59 பேரிடம் தூக்கமின்மையின் அறிகுறிகள் இருந்தன. இது யாரையும் ஆச்சரியப்படுத்தாது. வியாதியின் பெயரைக் கேட்ட வாரத்தில் நன்றாகத் தூங்குகிறவர் யார்? ஆனால் 18 மாதம் கழித்தும், காயம் ஆறி, பலருக்கு மருந்தும் முடிந்த பின்னும், நூற்றுக்கு 36 பேர் தூக்கமில்லாமல்தான் இருந்தார்கள். நம்மை நின்று யோசிக்கவைக்க வேண்டியது இந்த இரண்டாவது எண்.

ஆரம்பத்தில் தூக்கத்தைக் கெடுத்தது வேறு, பிறகு அதைக் கெட்ட நிலையிலேயே வைத்திருப்பது வேறு. நியூயார்க்கில் பணியாற்றிய உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987-ல் தூக்கமின்மையின் காரணங்களை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். நம் பாஷையில் சொன்னால் காய்ந்த விறகு, தீக்குச்சி, ஊதுகுழல் எனலாம். சிலருக்கு இயல்பாகவே லேசான தூக்கம். இது காய்ந்த விறகு. வியாதியும் அதன் சிகிச்சையும் தீக்குச்சி. அதற்குப் பிறகு, இழந்த தூக்கத்தைப் பிடிக்க நாம் செய்யும் காரியங்களே ஊதுகுழல். குச்சி எப்போதோ அணைந்துபோயிருக்கும். ஊதுவது நிற்காததால் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது.

தீக்குச்சிகள் பலவிதம். மார்பகத்தில் அறுவை செய்தவரால் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. கீமோவின்போது வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்து மனதையும் உடலையும் முடுக்கிவிடும். டாமாக்சிஃபென் சாப்பிடும் பெண்களுக்கு நடுராத்திரியில் உடம்பு திகுதிகுவென்று எரிந்து வியர்த்துக் கொட்டும். புரோஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சு பெற்ற ஆண்கள் சிறுநீருக்காக நாலைந்து முறை எழுந்திருப்பார்கள். இவற்றில் சிலவற்றை டாக்டரே ஒரு வரியில் சரிசெய்துவிடலாம். டெக்ஸாமெத்தசோனைக் காலையில் சாப்பிடலாமா, வலி மாத்திரையின் நேரத்தை இரவுக்கு மாற்றலாமா என்று கேட்கவேண்டியதுதான். கேட்டால்தானே அவருக்குத் தெரியும். ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள்: டாக்டரிடம் "பரவாயில்லை" என்று சொல்லவேண்டாம்.

கட்டில் செய்யும் வேலை

ஊதுகுழலுக்கு வருவோம். இதைப் பெரும்பாலும் பிடித்திருப்பது அன்பின் கைதான்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய தாயாரை மருமகள் அடுப்படிப் பக்கம் விடுவதில்லை. "நீங்க போய்ப் படுங்க அத்தை, நான் பார்த்துக்கறேன்" என்கிறாள். மகன் புதிதாக ஒரு கட்டில் வாங்கி நடுவீட்டில் போடுகிறான். டெலிவிஷன் கட்டிலுக்கு நேரே வைக்கப்படுகிறது. கஞ்சி கட்டிலுக்கு வருகிறது. பார்க்க வருகிற உறவினர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இதே வியாதியில் போன தன் சித்தியின் கதையைச் சொல்கிறார். ஸ்கேன் ரிப்போர்ட்டும் மாத்திரைப் பையும் தலையணைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மத்தியானம் இரண்டு மணி நேரம் கண்ணயர்கிறார். இரவு எட்டரை ஆனதும் "சீக்கிரம் படுங்க அத்தை, ரெஸ்ட் எடுத்தாத்தான் உடம்பு தேறும்" என்று விளக்கை அணைத்துவிடுகிறார்கள். அந்த இருட்டில் அவர் விழித்துக் கிடக்கிறார்.

இங்கே நடப்பதைப் புரிந்துகொள்ள நித்திரையை ஒரு பசியாக எண்ணிப் பாருங்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பசி கூடுகிறது. மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரச் சேர உறக்கம் நம்மை அழுத்துகிறது. பகல் தூக்கம், மாலையில் முறுக்கும் வடையும் தின்பதைப் போன்றது; இரவில் இலை போட்டால் சோறு இறங்காது. காபியோ பசியைத் தீர்க்காமல் பசி தெரியாதபடி மட்டும் மறைத்துவிடும். மாலை 5 மணிக்குக் குடித்த காபியில் ஏறத்தாழப் பாதி, இரவு 10 மணிக்கும் பலருடைய உடம்பில் இருக்கும்.

பசியோடு ஒரு கடிகாரமும் உண்டு. காலை வெளிச்சத்தாலும் எழுந்திருக்கும் நேரத்தாலும் அந்த உள்கடிகாரம் தினமும் சரிசெய்யப்படுகிறது. ஒரு நாள் 5 மணிக்கும் மறுநாள் 8 மணிக்கும் எழுந்தால் அது தடுமாறிப்போகும். நாள் முழுவதும் திரை போட்ட அறையில் கிடக்கிறவருக்குப் பகல் எது இரவு எது என்பதே அதற்குத் தெரியாது.

மூன்றாவதாக, கட்டில் தானே ஒரு பாடத்தைக் கற்பித்துவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் இதை விளக்கி, இன்றுவரை உலகெங்கும் பயன்படுகிற எளிய விதிகளைத் தந்தார். தூங்குவதற்கென்று இருந்த இடத்தில் சாப்பாடு, பேச்சு, கவலை, வலி, கண்ணீர் எல்லாம் நடந்தால், அந்த இடத்தைத் தொட்டதும் உடல் விழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி கண் சொக்குகிறவர், கட்டிலுக்குப் போனதும் பளிச்சென்று விழித்துக்கொள்கிறாரே, அதன் காரணம் இதுதான். தன் மெத்தையில் தூக்கம் வராதவர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்க நேரத்தில் மரப்பெஞ்சில் சுகமாகத் தூங்குவதும் அப்படியே. இந்த உண்மைக்கு எங்களைவிட நல்ல சாட்சிகள் கிடைக்கமாட்டார்கள்!

நம் பாட்டன் பாட்டி காலத்து வீடுகளில் பெரும்பாலும் கட்டில் கிடையாது. இரவானதும் பாயை விரிப்பார்கள். விடிந்ததும் சுருட்டி மூலையில் சாத்திவிடுவார்கள். பகலில் படுக்கை என்ற இடமே வீட்டில் இல்லாமல் போகும். பூட்சின் எழுதிய விதிகளை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை. அவர் சொன்னவை இவை. உடல் களைத்திருப்பது வேறு, உறக்கம் வருவது வேறு. உறக்கம் வந்து கண் செருகினால்தான் படுக்கைக்குப் போகவேண்டும். தம்பதியரின் உறவு நீங்கலாக, தூக்கத்தைத் தவிர வேறொன்றும் படுக்கையில் கூடாது. படுத்துச் சுமார் 15, 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போய், மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக ஏதாவது செய்து, மறுபடி தூக்கம் வந்தபிறகே திரும்பவேண்டும். இது ஒரே இரவில் மூன்று முறை நடந்தாலும் மூன்று முறையும் எழுந்திருக்கவேண்டும். இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழவேண்டும். பகலில் தூங்கக்கூடாது.

"எங்கள் வீட்டில் இருப்பதே ஓர் அறை, வேறு அறைக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். அறை முக்கியமல்ல. படுக்கையை விட்டு எழுவதே முக்கியம். சுவரோரம் ஒரு நாற்காலியோ, திண்ணையோ, வாசற்படியோ போதும். நிமிடத்தைக் கணக்கிடக் கடிகாரத்தைப் பார்க்கவும் வேண்டாம். உத்தேசமாக இருந்தால் போதும். சொல்லப்போனால் இரவில் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுவது நல்லது. மணி 2 என்று கண்டதும் விடியலுக்கு எவ்வளவு பாக்கி என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறவர்களுக்கும் இதையே சொல்லுகிறோம்.

குறைத்தால் கூடும்

இனிச் சொல்லப்போவது கேட்பவர்களுக்குக் கொடுமையாகப் படும். ஆனாலும் இந்தச் சிகிச்சையில் அதிகப் பலன் தரும் பகுதிகளில் இது ஒன்று. இதை வகுத்துத் தந்தவரும் ஸ்பீல்மனே, அதுவும் 1987-ல்தான். தூக்கம் குறைந்தவர் படுக்கையில் இருக்கும் நேரத்தையும் குறைக்கவேண்டும் என்றார் அவர்.

பலரிடம் கேட்டவற்றைச் சேர்த்து ஒரே சகோதரியாக்கிச் சொல்லுகிறோம். வயது 54. மார்பகப் புற்றுநோய். அறுவையும் கீமோவும் முடிந்து எட்டு மாதம். முதலில் அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுக்கப்படுகிறது. எத்தனை மணிக்குப் படுத்தார், உத்தேசமாக எப்போது தூங்கினார், எத்தனை தடவை விழித்தார், எப்போது எழுந்தார் என்று தினமும் காலையில் எழுதவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் பேத்தி எழுதலாம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இரவு 9 முதல் காலை 6 வரை, 9 மணி நேரம் அவர் படுக்கையில் இருக்கிறார். தூங்குவதோ, துண்டு துண்டாக எல்லாம் சேர்த்து ஐந்தரை மணி நேரம். படுக்கையில் கிடந்த நேரத்தில் தூங்கியது நூற்றுக்கு 61 பங்குதான். மீதி மூன்றரை மணி நேரம் இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நர்ஸ் சொல்லுகிறார்: "அம்மா, இனிமேல் ராத்திரி பதினொன்றரைக்குப் படுங்க. காலையில அஞ்சு மணிக்கு எழுந்திருங்க."

"சிஸ்டர், தூக்கம் வரலைன்னு உங்ககிட்ட வந்தேன். நீங்க என்னைப் படுக்கவே விடமாட்டேங்கிறீங்களே!"

"நீங்க தூங்குறதே அவ்வளவுதானேம்மா. அதை ஒரே துண்டாக்கிப் பார்ப்போம். ஒரு வாரம் பொறுத்துக்கோங்க."

முதல் வாரம் கஷ்டம்தான். இதை மறைக்கக்கூடாது. இரவு ஒன்பதரை, பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாரும் தூங்கிய பிறகு தனியே உட்கார்ந்திருப்பது மிகவும் கடினம். யாராவது ஒருவர் கூட இருந்து பேசிக்கொண்டிருந்தால் பெரிய உதவி. பகலில் தலை கனக்கும், சோர்வு முன்னைவிடக் கூடியதுபோலத் தெரியும். ஆனால் நித்திரைப் பசி ஏறுகிறது. கொஞ்ச நாளில் அவர் படுத்த சிறிது நேரத்தில் தூங்கிவிடுகிறார். நடுவில் விழிப்பது குறைகிறது. ஐந்தரை மணி நேரத்தில் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினால் அது நூற்றுக்கு 91 பங்கு. நூற்றுக்கு 85, 90 பங்கைத் தாண்டியதும் கால் மணி நேரம் கூட்டிக் கொடுக்கிறார்கள், பதினொன்றேகாலுக்குப் படுக்கலாம். அடுத்த வாரமும் அப்படியே. இப்படிப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போய், எந்த அளவில் அவர் பகலில் தெளிவாக இருக்கிறாரோ அங்கே நிறுத்துகிறார்கள். எவ்வளவு குறைவாகத் தூங்குகிறவருக்கும் 5 மணி நேரத்துக்குக் கீழே குறைப்பதில்லை.

விழித்திருக்கும் மனது

படுக்கையைச் சரிசெய்தாலும் மனது ஓயவேண்டுமே. வியாதியஸ்தர்கள் எங்களிடம் மெல்லிய குரலில் சொல்லும் பயங்களில் ஒன்று, "தூங்காவிட்டால் எதிர்ப்புச் சக்தி போய்விடும், கட்டி திரும்ப வந்துவிடும்" என்பது. இந்தப் பயத்தோடு படுக்கிறவர் தூங்கவேண்டும் என்று பிரயாசப்படுகிறார். பிரயாசப்படுகிறவருக்குத் தூக்கம் வராது. சில இரவுகள் தூக்கம் கெட்டதால் புற்றுநோய் திரும்பிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இதைத் தெளிவாக, அதிகாரத்தோடு ஒருவர் சொல்லவேண்டும். போதகர் சொல்வதைவிட டாக்டர் சொன்னால் அதற்கு மதிப்பு அதிகம். "எட்டு மணி நேரம் தூங்காதவன் மனிதனே இல்லை" என்ற எண்ணத்தையும் இப்படியே சோதித்துப் பார்க்கவேண்டும். வயது கூடக் கூடத் தூக்கம் இளகுவதும் நடுவில் விழிப்பு வருவதும் இயல்பு. கவலைகளை இரவுக்கு வைத்திராமல் மாலையில் அரைமணி நேரம் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நாளை செய்யக்கூடியது என்ன என்று பக்கத்தில் குறித்து வைப்பது நல்ல பழக்கம். பஸ்ஸுக்குப் பணம், அடுத்த பரிசோதனை, மகளின் கல்யாணம் எதுவானாலும் தாளில் இருக்கட்டும்.

இன்னொரு பாரத்தை விசுவாசிகளாகிய நாமே அவர்கள்மேல் ஏற்றிவிடுகிறோம். "நம்பிக்கை உறுதியாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாமே" என்று நல்லெண்ணத்தோடு சொல்லிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டவர் அன்று இரவு வியாதியைப் பற்றி மட்டுமல்ல, தன் விசுவாசத்தைப் பற்றியும் கவலைப்பட்டு விழித்திருப்பார். சங்கீதங்களைப் பாடியவர்களும் தூக்கமற்ற இரவுகளை அறிந்தவர்களே. தூக்கமின்மை பாவத்தின் அடையாளம் அல்ல, அவிசுவாசத்தின் அளவுகோலும் அல்ல. டெக்ஸாமெத்தசோன் யாருடைய விசுவாசத்தையும் விசாரித்துவிட்டு வேலைசெய்வதில்லை.

ஜெபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூக்கம் வருவதற்காகப் படுக்கையில் கிடந்தபடியே ஜெபம் பண்ணுகிறவர்கள் பலர். அரைமணி நேரம் கழித்தும் தூக்கம் வராதபோது ஜெபமும் கசந்துபோகிறது. எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து ஜெபியுங்கள் என்று நாங்கள் சொல்லுகிறோம். தூக்கத்துக்காக அல்ல, ஜெபத்துக்காகவே ஜெபியுங்கள். கண் செருகினால் ஆமென் சொல்லாவிட்டாலும் போய்ப் படுத்துக்கொள்ளலாம், குறையாக எண்ணவேண்டாம். இது எங்கள் சொந்த ஆலோசனைதான், ஆனால் பூட்சினின் விதிக்கும் இதற்கும் முரண்பாடு இல்லை.

மாத்திரை

அல்பிரசோலம், சோல்பிடெம் போன்ற மாத்திரைகளை நாங்கள் தூஷிக்க வரவில்லை. அறுவைக்கு முந்தின இரவிலோ, துக்கச் செய்தி வந்த வாரத்திலோ அவை இரக்கமான காரியம் செய்யும். மாதக்கணக்கில் சாப்பிடும்போதுதான் தொல்லை. உடல் பழகிப்போய்ப் பலன் குறையலாம். நிறுத்தினால் முன்னைவிட மோசமாக விழிப்பு வரலாம். எலும்பு பலவீனமான வயதானவர்கள் இரவில் எழுந்து தள்ளாடி விழுந்தால் இடுப்பு முறியும். சோல்பிடெம் போன்ற மருந்துகளைச் சாப்பிட்டவர்கள் தூக்கத்திலேயே நடப்பது முதலான ஆபத்துகளைப் பற்றி 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மிகக் கடுமையான எச்சரிக்கையை அட்டைப்பெட்டிச் சீட்டில் போடவைத்தது. நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தரவேண்டியது மாத்திரை அல்ல, மேலே சொன்ன பழக்கச் சிகிச்சையே என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிஸிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2016-ல் பரிந்துரைத்தது. ஒன்று கவனியுங்கள். இந்தப் பாடத்தை வாசித்துவிட்டு யாரும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிடக்கூடாது. நெடுநாள் சாப்பிட்ட அல்பிரசோலத்தைச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லும் அளவில் சிறிது சிறிதாகவே குறைக்கவேண்டும்.

ஸ்காட்லாந்தின் நர்ஸுகள்

பழக்கங்களை மாற்றுவதால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்பது நியாயம். ஸ்காட்லாந்தில் காலின் எஸ்பி என்ற பேராசிரியரின் தலைமையில் நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. மார்பகம், புரோஸ்டேட், குடல், கருப்பை முதலான உறுப்புகளின் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தும் தூக்கம் திரும்பாத 150 பேர் அதில் பங்குபெற்றார்கள். சராசரி வயது 61. ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மற்றவர்கள் சிறு குழுக்களாகக் கூடி வாரம் ஒரு முறை, ஐந்து வாரம் இந்தப் பாடங்களைக் கற்றார்கள். குழுவில் கற்றவர்கள் இரவில் விழித்துக் கிடந்த நேரம் சராசரியாக 55 நிமிடம் குறைந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களிடம் மாற்றம் இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. பகல் நேரச் சோர்வும் குறைந்திருந்தது.

இந்த ஆய்வை நாங்கள் குறிப்பாக எடுத்துச் சொல்வதற்குக் காரணம், பாடத்தை நடத்தியவர்கள் மனநல நிபுணர்கள் அல்ல. அதற்கென்று பயிற்சி பெற்ற நர்ஸுகளே நடத்தினார்கள். தேவைப்பட்டவை ஓர் அறை, சில நாற்காலிகள், எழுதி வைத்த பாடக்குறிப்பு, ஐந்து வாரப் பொறுமை. எந்த இயந்திரமும் இறக்குமதி செய்யப்படவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையில் இப்படிச் சொல்லக்கூடிய காரியங்கள் அதிகம் இல்லை. நர்ஸின் நேரம் மட்டும் மலிவானதல்ல. நாற்பது படுக்கைகளைப் பார்க்கிறவரிடம் ஐந்து வாரம் ஒரு மணி நேரம் கேட்பது சுலபமான காரியம் இல்லை என்பது மருத்துவமனையை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

இது ஒன்றே வழி என்றும் நாங்கள் சொல்லவில்லை. அமெரிக்காவில் புற்றுநோயிலிருந்து மீண்ட 160 பேரிடம் இந்தச் சிகிச்சையையும் அக்குபங்சரையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியான ஆய்வில் இரண்டுமே உதவின. பழக்கச் சிகிச்சை சற்று அதிகம் உதவியது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 90 பேரிடம் நடந்த 2017-ம் ஆண்டு ஆய்வில் தாய்-சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி இதற்கு இளைத்ததாகத் தெரியவில்லை.

யாருக்குக் கூடாது?

நேரம் குறைக்கும் விதி எல்லாருக்கும் பொருந்தாது. வலிப்பு உள்ளவர்கள், மூளையில் கட்டி உள்ளவர்கள், மனம் ஒரு காலம் மிக உற்சாகமாகவும் ஒரு காலம் மிகச் சோர்வாகவும் மாறும் நோய் உள்ளவர்கள், லாரி பஸ் ஓட்டுகிறவர்கள், அடிக்கடி விழுந்துவிடும் முதியோர் ஆகியோருக்கு டாக்டரைக் கேளாமல் இதைச் செய்யக்கூடாது. பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறவருக்கு வேண்டியது வேறு சிகிச்சை. வலி அடங்காதவருக்கு முதலில் வலிக்கு மருந்து. வலியில் துடிக்கிறவரிடம் பாயைச் சுருட்டச் சொல்லக்கூடாது. வாழவே விருப்பமில்லை என்று சொல்லுகிறவரை அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துவர வேண்டும்.

கீமோ நடந்துகொண்டிருக்கும் வாரங்களில் விதிகளைத் தளர்த்தலாம். மருந்து ஏறிய நாட்களில் உடல் கேட்கும் ஓய்வைக் கொடுக்கத்தான் வேண்டும். பகல் தூக்கத்தை மட்டும் அரைமணி நேரத்துக்குள், பிற்பகல் 3 மணிக்கு முன்பாக முடித்துக்கொள்ளலாம். கடைசி நாட்களில் இருப்பவருக்கோ இந்த விதிகள் ஒன்றுமே வேண்டாம். அவர் எப்போது தூங்குகிறாரோ தூங்கட்டும், எப்போது விழிக்கிறாரோ பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். அவரை எழுப்பி நாற்காலியில் உட்காரவைப்பது சிகிச்சை அல்ல.

பார்க்கப் போகிறவர்களுக்கு

சபையிலிருந்து வியாதியஸ்தரைப் பார்க்கப் போகிறவர்கள் நம்மில் அநேகர். பெண்கள் சங்கத்தார் மாதாமாதம் போகிறீர்கள். போனதும் அவர் எழுந்து உட்காரப் பார்ப்பார். நாம் "வேண்டாம் வேண்டாம், படுங்க" என்று தோளைப் பிடித்துப் படுக்கவைப்போம். அவருக்கு முடியுமானால் எழுந்து உட்காரவிடுங்கள். கட்டிலில் உட்காராமல் நாற்காலி போட்டு உட்காருங்கள். அவரையும் நாற்காலிக்கு அழையுங்கள். டாக்டர் தடை சொல்லாதிருந்தால் மாலை வெயில் தாழ்ந்ததும் கையைப் பிடித்துத் தெருமுனை வரை நடத்திக்கொண்டு போய் வரலாம். முதல் நாள் வாசல்வரை, அடுத்த நாள் பக்கத்து வீடுவரை. புற்றுநோயால் வரும் சோர்வுக்கும் இப்படி நடப்பது நல்ல மருந்து என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காய்கறி நறுக்குவது, பேரப்பிள்ளைக்குத் தலை வாரிவிடுவது, சபைக் காணிக்கை உறைகளை ஒட்டுவது என்று கைக்கு இலேசான வேலை ஏதாவது கொடுக்கும்படி வீட்டாரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். வேலை கொடுப்பதை மரியாதைக் குறைவாக வீட்டார் நினைப்பார்கள். டாக்டரே சொன்னதாகச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார்கள். சுகமில்லாதவரைப் பார்க்கப் போகும்போது பிளாஸ்க்கில் காபி கொண்டுபோகும் வழக்கமுள்ளவர்கள் அதை மத்தியானத்துக்கு முன்னே கொண்டுபோகும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.